விபூதி மடிப்பு

வாயால் சொன்ன சொல்லுக்கு ஒரு மதிப்பு உண்டென்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. ஒருவன் தன் வீட்டு நாற்காலியில் என்னை உட்காரவைத்து, காப்பியும் கொடுத்து, "என் ஓட்டு உங்க ஆளுக்குத்தான்" என்று சொன்னால் அதை அப்படியே எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்வேன். இருபத்துநாலு வீட்டில் அப்படிச் சேர்த்தேன். இருபத்துநாலு காப்பி குடித்தேன். அதில் நெஞ்செரிச்சல் மட்டும்தான் எனக்கு மிச்சம்.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட சைகோனில் அரிசி விலை விழுந்து அது மூன்றாவது வருஷம். பக்கத்துச் சோலோனின் அரிசி ஆலைகளில் பாதிக்குமேல் புகை இல்லை. நெல் ஏற்றிவரும் படகுகள் வாய்க்காலில் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. படகுக்காரர்கள் அதிலேயே துணி காயப்போட்டுக் குடித்தனம் நடத்தினார்கள். அரிசியே கப்பலேறாத ஊரில் சுங்க ஆபீசுக்கு இத்தனை குமாஸ்தா எதற்கு என்று யாருக்கோ தோன்றி, மார்ச் மாதம் பதினெட்டுப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தப் பட்டியலில் ஒன்பதாவது பெயர் அம்பலவாணன். அது நான்தான்.

நாங்கள் காரைக்கால்காரர்கள். என் தாத்தா ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுப் பிரெஞ்சுக் குடிமகன் ஆனவர். அதனால் எங்களுக்கு ஓட்டு உண்டு. எங்கள் தெருவில் வட்டிக்கடை வைத்திருக்கும் செட்டிமார்கள் பிரிட்டிஷ் பிரஜைகள். அவர்களிடம் காசு உண்டு, ஓட்டு கிடையாது. எங்கள் கதை நேர்தலைகீழ். வெள்ளைக்காரர்கள் இரண்டு கட்சியாகச் சரிபாதி பிரிந்து நின்றதால், நாலு வருஷத்துக்கு ஒரு மாதம் எங்களைத் தெருவில் கண்டால் தொப்பியைக் கழற்றுவார்கள். தேர்தல் முடிந்த மறுநாள் தொப்பி தலையிலேயே இருக்கும்.

அந்த நவம்பரில் வக்கீல் தெலோர்ம் காலனியின் வரவுசெலவைத் தீர்மானிக்கும் கொலோனியல் சபைக்கு மறுபடியும் நின்றார். போன தடவை பதினோரு ஓட்டில் தப்பித்தவர். எதிர்த்து நின்றவர் பஸ்கே. வடக்கே ரப்பர் தோட்டம் வைத்திருந்தார். தெலோர்முக்கு ஓட்டு சேர்க்கிற வேலையெல்லாம் மார்செல் என்பவனிடம் இருந்தது. அப்பன் பிரெஞ்சுக்காரன், அம்மா புதுச்சேரி. நம்மைவிட நன்றாகத் தமிழில் வைவான். அவன்தான் என்னை மார்க்கெட் எதிரிலிருந்த காப்பிக் கடைக்குக் கூப்பிட்டு அனுப்பினான்.

பெரிய மார்க்கெட்டில் எடைக்கல் பரிசோதகர் வேலை ஒன்று காலியாகப் போகிறது, தெலோர்ம் ஜெயித்தால் டிசம்பரில் அது எனக்கு என்றான். பதிலுக்கு மாரியம்மன் கோயிலைச் சுற்றியிருக்கும் தெருக்களின் தமிழ் ஓட்டு அவருக்கு வரவேண்டும். என்னையும் சேர்த்து மொத்தம் இருபத்தாறு பேர்.

"அத்தனையும் வரும்" என்றேன்.

"உங்க ஆளுங்க யார் கேட்டாலும் தலைய ஆட்டுவாங்க அம்பலம். போன தடவையே பார்த்துட்டேன். எனக்குத் தலையாட்டு வேணாம், சீட்டு வேணும். கவருக்குள்ள இருக்கிற சீட்டு யாரோடதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்விதான். ஒவ்வொரு வேட்பாளரும் தன் பெயர் அச்சடித்த சீட்டு வைத்திருப்பார். ஓட்டுப் போடுகிறவன் திரைக்குப் பின்னால் போய், வேண்டிய சீட்டைக் கவரில் வைத்துப் பெட்டியில் போடுவான். சாயங்காலம் கவரைப் பிரித்தால் எல்லாச் சீட்டும் ஒரே மாதிரி.

அப்போதுதான் அந்த யோசனை எனக்கு வந்தது. வராமலே இருந்திருக்கலாம். "வெள்ளைக்காரன் காகிதத்தை ரெண்டா மடிப்பான். ரொம்ப யோசிச்சா நாலா மடிப்பான். நம்ம ஆளு மட்டும்தான் கோயில்ல விபூதி மடிக்கிற மாதிரி, மூலை மூலையா மடிச்சு, கடைசி வாலை உள்ளே செருகுவான். நான் வீட்டிலேயே மடிச்சுக் குடுத்துடறேன். எண்ணும்போது நீங்களே பாருங்க."

மார்செல் விழுந்து விழுந்து சிரித்தான். "இருபது மடிப்பு வரட்டும். வேலை உனக்கு. குறைஞ்சா என் வாசலுக்கு வராதே" என்றான். கெட்டிக்காரன் என்று என் தோளில் தட்டவும் செய்தான். என்னை யாராவது கெட்டிக்காரன் என்று சொல்லி ஏழு மாதம் ஆகியிருந்தது. காற்றில் நடக்கிற மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

அந்த வேலை கிடைக்காவிட்டால் டிசம்பர் கப்பல்தான். காரைக்காலில் என் அண்ணன் வீட்டில் நாங்கள் மூன்று பேரும் மூன்று வாயாகப் போய் உட்கார வேண்டும். மகள் மீனாம்பாளுக்குப் பள்ளிக்கூடத்தில் இன்னும் ஒரு வருஷம் பாக்கி. என் மனைவி காமாட்சி இதைப்பற்றி எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில் அவளுக்கு ஒரு சாமர்த்தியம் உண்டு. எனக்குத்தான் தூக்கம் வராது.

சீட்டுகளை அவள்தான் மடித்தாள். அவளுடைய அப்பாவுக்குக் காரைக்காலில் நாட்டு மருந்துக் கடை இருந்தது. பொட்டலம் மடித்தே வளர்ந்த விரல்கள். நான் ஒன்று மடிப்பதற்குள் அவள் ஐந்து முடித்துவிட்டாள்.

"எங்கண்ணனும் நல்லா மடிக்கும். ஆனா பீச்சாங்கையில மடிக்கும்" என்றாள். "அதனால வாலு இந்தப் பக்கம் வராது, அந்தப் பக்கம் செருகிக்கும். அப்பா எத்தனையோ அடி அடிச்சுப் பார்த்தாங்க. இடது கை மடிச்ச பொட்டலத்தை யாரு வாங்குவான்னு. கடைசிவரைக்கும் மாறலே."

அவளுடைய அண்ணன் கயிலாசம் எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருந்தார். அரசாங்கப் பள்ளிக்கூட வாத்தியார். சாக்குக்கட்டியை வலது கையில் பிடிப்பார், மற்றதுக்கெல்லாம் இடது கைதான். அவருடைய சீட்டையும் சேர்த்துத்தான் அன்றைக்குக் காமாட்சி மடித்தாள்.

மறுநாளிலிருந்து நடக்க ஆரம்பித்தேன். மழை விட்டும் விடாமலும் இருந்த மாதம். செருப்பு நனைந்து பிய்ந்தது.

முதலில் சலாஹுதீன் மரைக்காயர் வீடு. மார்க்கெட்டில் தரைவாடகை வசூலிக்கும் குத்தகை அவரிடம் இருந்தது. இஞ்சி தட்டிப் போட்ட காப்பியும் ரொட்டியும் வந்தன. "மீன்காரி கூடைய எறக்குறதுக்கு முன்னாலேயே அழுவுறா தம்பி. வாங்குற கையும் இல்லே, விக்கிற கையும் இல்லே. இந்தத் தெலோர்ம் நாலு வருஷத்துல ஒருநா மார்க்கெட்டுக்குள்ள காலெடுத்து வெச்சிருப்பாரா?" என்று அரைமணி நேரம் அவரைக் கிழித்துத் தோரணம் கட்டினார். கட்டி முடித்துவிட்டு, "அது கிடக்கட்டும். நீங்க வந்து கேட்டுட்டீங்க. உங்களுக்கு இல்லாத ஓட்டா?" என்று மடித்த சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் பெயருக்கு நேரே குறி போட்டேன்.

அடுத்தது கப்ரியேல். சிறைச்சாலையில் வார்டர், வாட்டசாட்டமான ஆள், குரலும் அப்படியே. "சம்பளத்துல பத்துக்கு ஒண்ணு புடிச்சுட்டானுவ. புடிச்சது யாரு? இவனுங்க சபைதானே? போன எலெக்‌ஷன்ல என் கையப் புடிச்சுக் குலுக்குனான்யா உங்க ஆளு. மறுவாரம் நேருக்கு நேரா வந்தேன், என்னைச் செவுரு மாதிரி பார்த்துட்டுப் போறான்" என்றார். பஸ்கே மட்டும் என்ன யோக்கியமா என்று கேட்டேன். "அவனும் திருடன்தான். ஆனா அவன் இன்னும் நம்ம வீட்டுக்குள்ள வரலே" என்றார். பிறகு என் பிய்ந்த செருப்பைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "சரி விடு. உனக்காகப் போடறேன். குடு சீட்டை." இன்னொரு குறி.

இப்படியே இருபத்துநாலு வீடு. எல்லோரும் தெலோர்மைத் திட்டினார்கள். எல்லோரும் சீட்டை வாங்கிக்கொண்டார்கள். திட்டியதெல்லாம் நிஜம், வாங்கியதுதான் மரியாதை என்று ஒரு குழந்தைக்குக்கூட விளங்கியிருக்கும். வேலை போனவன் வாசலில் வந்து நிற்கும்போது இல்லை என்று சொல்ல எங்கள் ஆட்களில் யாருக்கு வாய் வரும்? நானே சொல்லமாட்டேன். ஆனால் பட்டியலைக் கையில் வைத்திருப்பவனுக்குக் குறி மட்டும்தான் கண்ணில் படும்.

கயிலாசம் ஒருவர்தான் வாங்கவில்லை. பழைய பேப்பர் ஒன்றை எடுத்து என் முன்னால் விரித்தார். ஆட்குறைப்பு வேண்டும் என்று சபையில் தெலோர்ம் பேசிய பேச்சு அதில் முழுசாக வந்திருந்தது.

"படிச்சுப் பாருங்க மாப்பிள்ளை. உங்க வயித்துல அடிச்சவனுக்கே நீங்க ஓட்டுக் கேட்டு வர்றீங்க."

"பேப்பர்க்காரன் ஆயிரம் எழுதுவான் மச்சான்."

"அப்ப ஒங்க இஷ்டம். என் ஓட்டு அந்தாளுக்கு இல்லே. மத்தவங்க மாதிரி வாங்கிப் பையில வெச்சுக்கிட்டு ஏமாத்த எனக்குத் தெரியாது. மூஞ்சிக்கு நேரே சொல்லிட்டேன், கோவிச்சுக்காதீங்க." சீட்டை என் உள்ளங்கையிலேயே திருப்பி வைத்தார்.

கோபித்துக்கொள்ளாமல் என்ன செய்வது? தங்கை குடும்பம் கப்பலேறினால் இவருக்கு என்ன, மாதமானால் சம்பளம் வருகிறது என்று நினைத்தேன். அவர் வீட்டுக் காப்பியை மட்டும் நான் தொடவில்லை. பட்டியலில் அவர் பெயரை அடித்த வேகத்தில் தாள் கிழிந்தது. அன்றைக்கே காமாட்சியிடம், "உங்கண்ணன் இனி இந்த வீட்டுப் படியேறக் கூடாது" என்று சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கழுநீரை வடித்துவிட்டு மறுபடி தண்ணீர் ஊற்றினாள்.

கடைசி வாரம் இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் யாராவது ஒருவர் பெயர் நினைவு வரும், அவர் சிரித்தது சரியான சிரிப்புதானா என்று சந்தேகம் வரும். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய் விசாரித்துவிட்டு வருவேன். "எத்தனை தடவைதான் கேப்பீங்க?" என்று கப்ரியேலே சலித்துக்கொண்டார். அந்தச் சலிப்பையும் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. மேரி என்று நாங்கள் சொல்லும் நகராட்சிக் கட்டடத்தில்தான் ஓட்டுப்பதிவு. சலவைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, என் பங்கு மடிப்பைப் பையில் வைத்துக்கொண்டு எட்டு மணிக்கே போய்விட்டேன். மார்செல் படிக்கட்டில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். நல்ல மனநிலையில் இருந்தான்.

நெஞ்சுக்குள் ஒரு முள் கிடந்ததே, அது வெளியே வந்தது. "ஆபீஸ்ல எங்களை எடுத்தப்ப, அது முசே தெலோர்ம் சொல்லித்தான்னு சிலபேர் பேசிக்கிறாங்க. அப்படியெல்லாம் இல்லேன்னு ஒரு வார்த்தை சொன்னா நல்லது" என்றேன்.

"அந்த லிஸ்டா? அவர்தானே போட்டாரு!" என்றான் மார்செல், மழை பெய்கிறது என்று சொல்கிற குரலில். "பதினெட்டுப் பேரைக் குறைக்கணும்னாங்க. யாரை எடுத்தா சத்தம் வராதுன்னு இவரே உட்கார்ந்து பேரு பார்த்துக் குறிச்சுக் குடுத்தாரு. நான்தான் பக்கத்துல இருந்தேனே. எடுத்த கைக்குத் திருப்பி வைக்கத் தெரியாதா அம்பலம்? கவலைப்படாதே."

யாரை எடுத்தால் சத்தம் வராது. அந்த வார்த்தையோடு உள்ளே போனேன். மேஜையில் இரண்டு பேருடைய சீட்டும் அடுக்கியிருந்தது. முறைப்படி இரண்டிலும் ஒவ்வொன்று எடுத்துக்கொண்டு திரைக்குள் போக வேண்டும். போனேன். சத்தம் போடாத ஒன்பதாவது பெயர் நான். ஏழு மாதமாக நான் போடாத சத்தமெல்லாம் அந்தத் துணித் திரைக்குள் என் தொண்டைக்கு வந்தது. பஸ்கேயின் சீட்டை நேராகக் கவருக்குள் வைத்தேன். அவரை எனக்குப் பிடிக்கும் என்றல்ல. வேறு எப்படிச் சத்தம் போடுவது என்று தெரியவில்லை.

பெட்டிக்குள் கவர் விழுந்ததும் நான் செய்தது என்னவென்று உறைத்தது. உடனே கணக்கும் போட்டுக்கொண்டேன். இருபத்துநாலு மடிப்பு இருக்கிறது, மார்செல் கேட்டது இருபது. என் ஒன்று குறைந்தால் குடி முழுகிவிடாது. வேலையும் வரும், என் ஆத்திரமும் தீர்ந்தது. இப்படி நினைத்து, வெளியே வந்து, மார்செலைப் பார்த்துச் சிரிக்கவும் சிரித்தேன்.

ஆறு மணிக்குப் பெட்டியைத் திறந்து மேஜையில் கவிழ்த்தார்கள். எண்ணுவதற்கு உட்கார்ந்தவர்களில் நானும் ஒருவன். கவரைப் பிரித்துச் சீட்டை எடுத்துக் கொடுப்பது என் வேலை. மார்செல் என் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றான். அவனுடைய சிகரெட் நாற்றம் என் பிடரியில் அடித்தது.

முதல் ஐம்பது கவர். இரண்டாக மடித்தது, நாலாக மடித்தது, மடிக்காதது. பஸ்கே, தெலோர்ம், பஸ்கே. நம்முடையது ஒன்றும் இல்லை. நம் ஆட்கள் சாயங்காலமாகத்தான் வந்தார்கள், கவர்கள் எங்கேயாவது அடியில் கிடக்கும் என்று நினைத்தேன். நூறு தாண்டியது.  

நூற்றி இருபதோ என்னவோ, ஒரு கவர் மட்டும் புடைத்திருந்தது. உள்ளே விபூதி மடிப்பு. சின்னதாக, இறுக்கமாக, அழகாக. பின்னாலிருந்து மார்செல் என் தோளைத் தட்டினான். "ஆரம்பிச்சாச்சு" என்றான்.

நான் அதைப் பிரிக்கப்போனேன், விரல் தடுமாறியது. வால் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. திருப்பிப் பார்த்தேன். அந்தப் பக்கம் செருகியிருந்தது. காமாட்சி மடித்ததல்ல. இடது கை மடித்தது. உள்ளே இருந்தது தெலோர்மின் பெயர்.

அதற்குப் பிறகு மடிப்பே வரவில்லை. கடைசிக் கவர்வரை வரவில்லை. முப்பத்தொரு ஓட்டில் பஸ்கே ஜெயித்தார். "ஒண்ணு" என்று மட்டும் சொன்னான் மார்செல். வைதிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வாசலில் கப்ரியேல் காத்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. பெரிய உடம்பைக் குறுக்கிக்கொண்டு, "தப்பா எடுத்துக்காதே அம்பலம்" என்றார். "உள்ள போற வரைக்கும் உன் சீட்டைத்தான் கையில வெச்சிருந்தேன். அந்தப் பேரைப் பார்த்ததும் மனசு வரலே. மத்தவங்க இத்தனை பேரு போடறாங்களே, நான் ஒருத்தன் போடலேன்னா குடியா முழுகிடப் போவுதுன்னு நெனச்சுட்டேன்." பக்கத்தில் நின்ற சலாஹுதீன் மரைக்காயர் தரையைப் பார்த்தபடி, "எல்லாரும் அப்படித்தான் நெனச்சுட்டோம் போலிருக்கு தம்பி" என்றார்.

அவர்களை நான் என்ன சொல்லித் திட்டுவது? திட்ட வாய் துடித்தது, ஆனால் எனக்கு அந்த யோக்கியதை இல்லை. பரவாயில்லை என்று சொல்லிவிட்டு நடந்தேன். மழை தூறியது. நேராக வீட்டுக்குப் போகாமல் மார்க்கெட்டை இரண்டு சுற்றுச் சுற்றினேன். எடைக்கற்களையெல்லாம் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார்கள்.

வீட்டில் கயிலாசம் உட்கார்ந்திருந்தார். அவர் படியேறக் கூடாது என்று நான் சொன்ன வீடு. காமாட்சிதான் கூப்பிட்டிருக்க வேண்டும். மீனாம்பாள் அவர் பக்கத்தில் புத்தகத்தை மடியில் வைத்தபடி தூங்கிப்போயிருந்தாள். யாரும் எழுந்திருக்கவில்லை. ஈரக் கோட்டோடு நான் நடுக்கூடத்தில் நின்றேன்.

"தோத்துட்டாரு" என்றேன்.

"தெரு பூரா சொல்லிக்கிட்டுப் போறாங்க" என்றாள் காமாட்சி. "நம்ம மடிப்பு எத்தனை வந்துது?"

"ஒண்ணு."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "இருபத்துநாலு பேரும் கைவிட்டுட்டாங்களா? உங்களுது ஒண்ணுதான் வந்துதா?"

 கயிலாசம் தொண்டையைச் செருமினார். வகுப்பில் தப்புச் செய்து மாட்டிக்கொண்ட பையன் மாதிரி ஒரு சங்கடம் அவர் முகத்தில் இருந்தது.

"மாப்பிள்ளை, நான் அன்னிக்கு மூஞ்சிக்கு நேரே அப்படிச் சொன்னேன். வாஸ்தவம். நேத்து இந்தப் புள்ள வந்து, மாமா, கப்பல்ல எத்தனை நாள் போவணும்னு கேட்டுச்சு. காரைக்கால்ல பள்ளிக்கூடம் உண்டான்னு கேட்டுச்சு. எனக்கு ராத்திரி பூரா மனசே சரியில்லே. அந்தாளு ஜெயிச்சா என் சம்பளத்துல இன்னும் புடிப்பான், புடிச்சுட்டுப் போவட்டும்னுட்டுப் போட்டுட்டேன். உங்க கணக்குல சேரணுமேன்னு அங்கேயே நின்னு மடிச்சேன். வாலு தப்பாத்தான் வந்திருக்கும்." பிறகு விரலை மடக்கி எண்ணிப் பார்ப்பவர்போல நெற்றியைச் சுருக்கினார். "ஆனா ஒண்ணுன்னா எப்படி? ரெண்டு வரணுமே. என்னுது ஒண்ணு, உங்களுது ஒண்ணு."

ஒரு பொய் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஒரு சீட்டைச் செல்லாது என்று தள்ளிவிட்டார்கள் என்று சொன்னால் போதும். இந்த இருவரும் நம்புவார்கள். நான் சொல்வதை நம்புகிறவர்கள் இந்த ஊரில் அவர்கள்தான் மிச்சம். வெட்கம் என் உடம்பெல்லாம் பிடுங்கித் தின்றது.

கோட்டுப் பையில் கைவிட்டேன். காலையில் வைத்தது அப்படியே இருந்தது. எடுத்து மேஜையில், விளக்குக்குக் கீழே வைத்தேன்.

கயிலாசம் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காமாட்சி பக்கத்தில் வந்து அதைக் கையில் எடுத்தாள். கொஞ்சம் நனைந்திருந்தது. வாலை இழுத்து, மூலை மூலையாகப் பிரித்து, தாளை மேஜைமேல் வைத்து உள்ளங்கையால் நீவிவிட்டாள். அவளுக்குப் பிரெஞ்சு படிக்கத் தெரியாது.

"இது நான் மடிச்சது" என்றாள்.